வெட்டாத இருபத்தாறு லோட்

மார்ச் 4, புதன்

பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையில் இன்று ஒரு புதுத் தாள் ஒட்டியிருந்தது. மாலை வகுப்புக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி வாசித்தேன். போனில் படம் எடுத்தேன். படம் தெளிவில்லாமல் போய்விடுமோ என்று கொப்பியிலும் எழுதினேன். எழுதியதைப் பலகையோடு இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்ததில் வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டது.

தாளில் இருந்தது இதுதான்: நவம்பர் புயலுக்குப் பிறகு அறுபது நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போன சிறிய கல்லுக்கிடங்குகளுக்குக் கல்லுக்கான வரி தள்ளுபடி செய்யப்படும். அனுமதிப்பத்திரமும் கட்டணமில்லாமல் டிசெம்பர் வரைக்கும் நீடிக்கப்படும். வேலை நடக்கவில்லை என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மார்ச் 20க்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

எங்கள் கிடங்கின் அனுமதிப்பத்திரம் இந்த மாதம் 31ஆம் திகதியோடு முடிகிறது. எங்கள் தீவில், கரம்பொனில், எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து சுண்ணக்கல் வெட்டுகிற பெரிய பள்ளம் அது. வீட்டு அத்திவாரத்துக்கும் மதிலுக்கும் கல்லுக் கொடுப்போம். நவம்பர் கடைசியிலிருந்து அது குளமாகக் கிடக்கிறது. மூன்று மாதமாக யாருக்கும் ஒரு சதம் வரவில்லை. வரியையும் கட்டணத்தையும் கட்டினால்தான் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பார்கள். எங்கிருந்து கட்டுவது என்பதுதான் ஒரு மாதமாக எட்டு வீட்டிலும் பேச்சு. ஒருதரம் காலாவதியானால் திரும்ப எடுக்க ஒன்றரை வருடமாவது அலைய வேண்டும். அதுவரைக்கும் யார் காத்திருப்பார்கள்?

நான் அங்கே பதிவுப் புத்தகம் எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் எத்தனை லோட் கல்லு வெளியே போனது என்று எழுதி, வரியைக் கணக்குப் பார்ப்பது என் வேலை.

வகுப்பு முடிந்ததும் நேரே சில்வெஸ்ரர் மாமா வீட்டுக்குப் போனேன். அவர்தான் எங்கள் குழுவின் தலைவர். கிடங்கு மூடியபிறகு வேறொருவரின் வள்ளத்தில் கடலுக்குப் போய்வருகிறார். வாசலில் நின்றபடியே கொப்பியை வாசித்துக் காட்டினேன்.

"திருப்பிப் படியும் பிள்ளை," என்றார்.

திருப்பிப் படித்தேன்.

"வரி இல்லை எண்டோ போட்டிருக்கு? பிந்திக் கட்டலாம் எண்டு இல்லையோ?"

"இல்லை மாமா. தள்ளுபடி எண்டுதான் இருக்கு. ரெண்டு தரம் பாத்தனான்."

"அப்ப நாலு தரம் பாத்திருப்பீர்," என்று சிரித்தார். உள்ளே திரும்பி, "எடியே, தேத்தண்ணி போடு, சீனி கூடப் போடு," என்று கத்தினார்.

தேத்தண்ணி வருவதற்குள் நான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பில் இருந்தபோதே ஞாபகம் வந்துவிட்டது. அதன்பிறகு ரீச்சர் படிப்பித்தது ஒன்றும் காதில் ஏறவில்லை.

"மாமா, எங்கட புத்தகத்தில டிசெம்பரில இருந்து வேலை நடந்திருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

நான் எழுதியதுதான். வெள்ளம் ஏறிய கிழமை குழுவில் ஒரு கதை வந்தது. மூன்று மாதம் புத்தகம் வெறுமையாகக் கிடந்தால் கிடங்கு கைவிடப்பட்டது என்று சொல்லி அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிடுவார்கள் என்று. அதனால் கிழமைக்கு இரண்டு லோட் என்று போட்டு வைக்கச் சொன்னார்கள். போட்டேன். பதின்மூன்று கிழமை, இருபத்தாறு லோட். தண்ணீருக்கு அடியில் கிடந்த கல்லை நான் புத்தகத்தில் வெட்டி, ஏற்றி, விற்றிருக்கிறேன். அந்த நேரம் அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. எல்லாருக்கும் உதவியாக ஒன்று செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

கிடங்கடியில் எல்லாரும் கூடினோம். தண்ணீர் இப்போது இடுப்பளவு. சுவரில் இரண்டு ஆள் உயரத்தில் பச்சைப்பாசிக் கோடு தெரிகிறது. டிசெம்பரில் அதுவரைக்கும் நின்றது. வேறு இடத்தில் என்றால் மோட்டர் பூட்டி ஒரு கிழமையில் இறைத்திருப்பார்கள். இங்கே நாங்கள் இறைப்பதில்லை. தீவில் நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கிறது. பலமாக இழுத்தால் உப்பு மேலே ஏறிப் பக்கத்துக் கிணறெல்லாம் சவராகிவிடும். கிடங்கு திறந்தபோதே அயல் வளவுக்காரருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று: எத்தனை மாதம் ஆனாலும் வெயில் குடித்து முடிக்கட்டும்.

றஞ்சனி அக்கா நேரே விஷயத்துக்கு வந்தா. எங்களில் கல்லுடைப்பதில் அவவை வெல்ல ஆளில்லை. கதைப்பதிலும் இல்லை.

"உதுக்கு ஏன் இவ்வளவு யோசினை? கடையில அதே மாதிரிப் புத்தகம் ஒண்டு வாங்கு. நவம்பர் வரைக்கும் பாத்து எழுது. பிறகு நாளுக்கு நாள் 'வேலை இல்லை, வேலை இல்லை' எண்டு போடு. உண்மையைத்தானே எழுதப்போறாய்!"

"பழைய புத்தகத்தை என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"அடுப்பு இருக்குத்தானே."

சில்வெஸ்ரர் மாமா தலையைச் சொறிந்தார். "தவக்காலம் பாத்து இந்த வேலை வந்து நிக்குது."

"தவக்காலத்தில வயிறு பசிக்காதோ? எட்டு வீட்டு அடுப்பு அண்ணை. அதைச் சொல்லும்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நான் கொப்பியில் 'புதுப் புத்தகம்' என்று குறித்துக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் தியாகலிங்கம் ஐயா வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கிடங்கைப் பற்றி மேலிடத்துக்கு முறையிட்டுப் பெட்டிசம் எழுதுவதில் அவர் பெயர்போனவர். அதனால் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மார்ச் 7, சனி

காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை புதுப் புத்தகத்தை எழுதினேன். ஒரே பேனையால் எழுதினால் பிடிபடும் என்று மூன்று பேனை எடுத்தேன். சில நாள் சாய்வாக, சில நாள் அவசரமாக எழுதினேன். டிசெம்பர் பக்கத்தில் ஒரு மூலையில் தண்ணீர் தெளித்து உலரவிட்டேன். எனக்கு இதெல்லாம் தெரியும் என்று எனக்கே தெரியாது.

முடிந்ததும் வழக்கம்போலச் சரிபார்த்தேன். டிசெம்பர் 25ஆம் திகதிக்கும் "வேலை இல்லை, கிடங்கில் தண்ணீர்" என்று இருந்தது. நத்தாருக்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும் யார் வேலைக்கு வருவார்கள்? பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கும் அப்படியே எழுதியிருந்தேன். பழைய புத்தகத்தில் ஞாயிறு என்ற ஒன்றே கிடையாது. எங்கள் கிடங்கில் ஆறு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட வேலை நடந்ததில்லை.

இரண்டு புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் வேலை செய்ததாகப் பொய். மற்றதில் வேலை செய்யவில்லை என்பது உண்மை, ஆனால் அந்தந்த நாளில் எழுதியது என்பது பொய். இரண்டிலும் என் கையெழுத்து. ஞாயிறுகளை வெட்டி இன்னொரு புத்தகம் எழுதலாம். அதிலும் வேறு பிழை வரும். வராவிட்டால் அது இன்னும் மோசம் என்று தோன்றியது. ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது புத்தகம் வாங்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

விண்ணப்பத்தைக் கொடுத்தோம். வருகிற செவ்வாய் பத்து மணிக்கு அதிகாரி வருவார். றஞ்சனி அக்கா "புத்தகம் சரியோ?" என்று கேட்டா. "எழுதி முடிச்சிட்டன்," என்றேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் வீட்டுக்கு வரும்வரை அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

ஒன்பதரைக்கே கிடங்கடிக்குப் போனேன். பையில் இரண்டு புத்தகமும் இருந்தன. சில்வெஸ்ரர் மாமா மட்டும்தான் வந்திருந்தார். அவரிடம் சொல்லிவிட்டேன்.

"மாமா, நான் பழைய புத்தகத்தைத்தான் குடுக்கப்போறன். இருபத்தாறு லோட்டும் பொய் எண்டும் சொல்லப்போறன்."

"சொன்னா வரியும் வரும், தண்டமும் வரும், பேர்மிற்றும் போகும். யோசிச்சனீரோ?"

"யோசிச்சனான். ஆனா எனக்குச் சரியா யோசிக்கத் தெரியுமோ எண்டு தெரியாது."

"உமக்கே தெரியாட்டி எனக்கு என்னெண்டு தெரியும்?" என்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குள் றஞ்சனி அக்காவும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

அதிகாரியின் பெயர் ஜெகதீஸ். யாழ்ப்பாணத்துக் கந்தோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹெல்மெற்றைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு முதலில் கிடங்கைச் சுற்றி நடந்தார். பாசிக் கோட்டைப் பார்த்தார். அலவாங்குக் கம்பியை இறக்கி ஆழம் பார்த்தார். தொடையளவு.

"பதிவுப் புத்தகம் எங்கை தங்கச்சி?"

றஞ்சனி அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. நான் பழையதை எடுத்து நீட்டினேன். அவவின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"சேர், டிசெம்பர் முதலாம் திகதியில இருந்து பெப்ரவரி கடைசி வரைக்கும் இதில இருக்கிற இருபத்தாறு லோட்டும் பொய். ஒரு கல்லும் வெட்டேல்லை. நான்தான் எழுதினனான்."

எண்ணும் திகதியும் பிழைக்கவில்லை.

"எழுதச் சொன்னது நான்," என்றார் சில்வெஸ்ரர் மாமா உடனே. "பிள்ளையில பிழையில்லை."

"என்னத்துக்கு அண்ணை இல்லாத கல்லை எழுதினீங்கள்? இல்லாத கல்லுக்கு வரி வருமெல்லோ!"

"வெறும் பக்கத்தைக் கண்டா மூண்டு மாசத்தில பேர்மிற்றை எடுத்துப்போடுவியள் எண்டு."

"அப்பிடி ஒரு விதியும் இல்லையே. ஆர் சொன்னது?"

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் கண்டுபிடித்தது, சின்ன உழவு இயந்திரத்தில் கல்லேற்ற வருகிற லான்ட்மாஸ்ரர்காரர் சொன்னதாம். அவருக்கு யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது.

"லான்ட்மாஸ்ரர்காரரின்ர சட்டமோ?" ஜெகதீஸ் சிரித்தார். ஆனால் புத்தகத்தைப் புரட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "வடிவான எழுத்து. பாத்தா ஆரும் நம்புவினம். அப்ப எழுதினது பொய் எண்டால் இப்ப சொல்லுறதை நான் என்னெண்டு நம்புறது? வரி தள்ளுபடி எண்டதும் வேலையே நடக்கேல்லை எண்டு சொல்லுறீங்கள் எண்டு மேலிடத்தில கேப்பினம். தண்ணி நிண்டது தெரியுது. எவ்வளவு காலம் நிண்டது எண்டு பாசி சொல்லாது."

இந்தக் கேள்வியை நான் முன்கூட்டியே எழுதிப் பார்த்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்தது என் பிழை.

"பாத்தியே," என்றா றஞ்சனி அக்கா எனக்கு மட்டும் கேட்க. "பாவமன்னிப்புக் கேக்க இதுவோ இடம்?"

ஜெகதீஸ் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து எங்கள் கிடங்கின் பைலை எடுத்து வந்தார். மெல்லிய பைல்தான். இரண்டு தாளைத் தள்ளி மூன்றாவதில் நின்றார்.

"தியாகலிங்கம் எண்டு இங்கை ஆர்?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை நிமிர்ந்தது. மனுசன் ஒரு மணித்தியாலமாக ஒரே பாத்தியில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஜெகதீஸ் உரத்து வாசித்தார். ஜனவரி 19ஆம் திகதியிட்ட பெட்டிசம். 'மேற்படி கல்லுக்கிடங்கில் கார்த்திகை மாதக் கடைசியிலிருந்து இன்றுவரை இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. ஐம்பது நாளுக்கு மேலாக எவரும் அங்கே வேலை செய்யவில்லை. நுளம்பு பெருகி அயலவர் நித்திரை கொள்ள ஏலாமல் இருக்கிறது. தக்க நடவடிக்கை எடுக்கவும்.'

"ரெண்டு ஆள் உயரம் நிண்ட தண்ணி பத்து நாளில வத்தியிராது, அறுபது நாள் சரி," என்றார். பிறகு சில்வெஸ்ரர் மாமா வேலியடிக்கே போய்விட்டார்.

"தியாகலிங்கத்தார்! மோட்டர் போடாதையுங்கோ, கிணறு பாழாப்போகும் எண்டு எங்களை மறிச்சதும் நீங்கள். தண்ணி நிக்குது எண்டு பெட்டிசம் எழுதினதும் நீங்களோ?"

"ரெண்டும் உண்மைதானே," என்றார் ஐயா, கொஞ்சமும் அசராமல். "மோட்டர் போட்டா என்ர கிணறு போகும். போடாட்டி நுளம்பு கடிக்கும். ரெண்டுக்கும் நான் ஒருத்தன்தானே இருக்கிறன்."

முதலில் சிரித்தது றஞ்சனி அக்காதான். "கையைக் குடுங்கோ ஐயா, கொஞ்சுறன்!" என்றா. ஐயா இரண்டடி பின்னால் போய்விட்டார்.

ஆனால் அதோடு முடியவில்லை. தண்ணீரை அகற்ற முயற்சி செய்தீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. "முயற்சி செய்யேல்லை எண்டு எழுதினா நிராகரிப்பினம்," என்றார் ஜெகதீஸ். சில்வெஸ்ரர் மாமா வாக்குக் கொடுத்த கதையைச் சொன்னார். அதிகாரி அதைக் கேட்டுவிட்டுத் தியாகலிங்கம் ஐயாவைப் பார்த்தார். ஐயா போய்க் கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினார். ஜெகதீஸ் முழுவதையும் குடித்தார்.

"நல்ல தண்ணி."

"ஒரு நாள் மோட்டர் ஓடியிருந்தா உதைக் குடிச்சிருக்கமாட்டீங்கள் தம்பி."

"அதை எழுதித் தாறீங்களோ?"

ஐயாவிடம் கண்ணாடி இருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தக் கிடங்குக்காரர் ஆறு வருடமாக வாக்குத் தவறாமல் நடந்தார்கள், மோட்டர் வைத்திருந்தால் மூன்று கிணறாவது சவராகியிருக்கும், தங்கள் உழைப்பை விட்டுத்தான் தண்ணீரைக் காப்பாற்றினார்கள் என்றார். கடைசி வசனத்தைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பிறகு, "இன்னும் எழுதும் பிள்ளை. வேலை நடக்கிற காலத்தில தூசி வந்து வெங்காயத் தாளில படியுது. அதையும் கவனிக்கவும்," என்றார்.

"அதை விடுவமோ ஐயா?" என்று கேட்டார் ஜெகதீஸ்.

"விடக்கூடாது. அதுவும் உண்மை."

தூசியையும் எழுதினேன்.

பொய்யான இருபத்தாறு பதிவையும் ஒவ்வொன்றாக ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் நானும் தலைவரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஜெகதீஸ் சொன்னார். வெட்டியது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சில்வெஸ்ரர் மாமா முழுப்பெயரையும் எழுதித்தான் கையெழுத்து வைப்பார். பதினைந்தாவதில், "என்ர பேரில இவ்வளவு எழுத்து இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்," என்று கையை உதறினார்.

போகும்போது ஜெகதீஸ் சொன்னார்: "நான் சிபாரிசு செய்வன். முடிவெடுக்கிறது நானில்லை. முப்பத்தோராந் திகதிக்கு முன்னம் கடிதம் வரப் பாக்கிறன்."

அவர் போனபிறகு புதுப் புத்தகத்தை எடுத்து றஞ்சனி அக்காவிடம் கொடுத்தேன். அவ ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தா. "எவ்வளவு வேலை செய்திருக்கிறாய், எருமை," என்றா. கோபமா பாராட்டா என்று தெரியவில்லை. எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு மீதியை, "வகுப்புக்கு வைச்சிரு," என்று திருப்பித் தந்தா.

மார்ச் 24, செவ்வாய்

கடிதம் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது தூரத்திலேயே கையை அசைத்து இல்லை என்கிறார்.

மார்ச் 27, வெள்ளி

வரவில்லை. கோயிலில் சிலுவைப்பாதையில் றஞ்சனி அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றா. எட்டாம் தலத்தில், "கடிதம் வந்ததோ?" என்று கேட்டா. இல்லை என்று தலையாட்டினேன். ஒன்பதாம் தலத்தில், "நீ சொன்னது பிழையில்லை. எனக்குப் பயம், அதுதான்," என்றா. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 30, திங்கள்

வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. தலைவரின் பெயருக்கு வந்த கடிதம். சில்வெஸ்ரர் மாமா கடலால் வரும்வரை இரண்டு மணித்தியாலம் துறையடியில் நின்றேன். அவர் மீன் மணக்கிற கையால் உறையைக் கிழித்து, "படியும்," என்று என்னிடமே தந்தார்.

வரி தள்ளுபடி. தண்டம் இல்லை. அனுமதிப்பத்திரம் டிசெம்பர் 31 வரை கட்டணமின்றி நீடிப்பு. நிபந்தனை ஒன்று: இனி ஒவ்வொரு மாதமும் பதிவுப் புத்தகத்தின் பிரதி ஒன்று கந்தோருக்கு அனுப்ப வேண்டும். வேலை நடக்காத நாட்களுக்குக் காரணம் எழுத வேண்டும்.

"மாமா, இனிப் புத்தகத்தை வேற ஆராவது எழுதட்டும்," என்றேன். இதை ஒரு கிழமையாக மனதுக்குள் தயார்படுத்தி வைத்திருந்தேன்.

"ஏன்?"

"என்ர எழுத்தை இனி அவை நம்புவினமோ தெரியாது."

அவர் வள்ளத்தில் கிடந்த வலையை இழுத்துக்கொண்டே சொன்னார்: "இருபத்தாறு இடத்தில உம்மட கையெழுத்துக்குக் கீழ என்ர கையெழுத்து இருக்கு. நீர் விட்டா நானும் தலைவர் வேலையை விட வேணும். பிறகு றஞ்சனிதான் தலைவர். உமக்குச் சம்மதமோ?"

வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

பாஸ்காத் திருநாள் முடியட்டும் என்று இருந்து இன்று இறங்கினார்கள். கிடங்கின் கிழக்குப் பக்கம் உயரம். அங்கே தரை உலர்ந்துவிட்டது. மேற்கில் இன்னும் கணுக்காலளவு தண்ணீர் இருக்கிறது. சேறு வழுக்கி முதல் கல்லுக்கே அரை மணித்தியாலம் எடுத்தது. அலவாங்கு துருப்பிடித்துப்போய்க் கிடந்தது. றஞ்சனி அக்கா உள்ளங்கையைக் காட்டி, "நாலு மாசத்தில பொம்பிளைக் கையாப் போச்சு," என்று திட்டினா. மத்தியானத்துக்குள் இரண்டு கொப்புளம் வந்துவிட்டது.

மூன்றரைக்கு முதல் லோட் ஏறியது. சாட்டிப் பக்கம் கட்டுகிற ஒரு வீட்டின் அத்திவாரத்துக்கு. லான்ட்மாஸ்ரர்காரர் இருக்கையில் இருந்தபடி, "பிள்ளை, இனிச் சனிக்கிழமையும் வரி எண்டு கதைக்கினம், கேள்விப்பட்டனீரோ?" என்று தொடங்கினார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பேசவிடாமல் செய்தார்கள்.

திகதி எழுதினேன். நேரம் எழுதினேன். ஒரு லோட் என்று எழுதுவதற்கு முன், ஒன்றுதான் என்று தெரிந்தும், லான்ட்மாஸ்ரர்ப் பெட்டிக்குப் பின்னால் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தேன்.